இரண்டு சின்ன ஹோர்ன்

பாரிஸின் லாச்சப்பல் கடைகளின் பின்னறைகளில், வெங்காயச் சாக்குகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே இருந்து வீட்டுப்பாடம் செய்த புதன்கிழமைப் பிள்ளைகளே, இது உங்களுக்காக எழுதுவது. அப்போதெல்லாம் புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அம்மாக்களுக்கு வேலை இருந்தது. ஆகவே யாரோ ஒரு மாமாவின் கடையில் நாம் ஒதுங்கினோம். இன்றைக்கு நமக்கும் வயது போகத் தொடங்கிவிட்டது. போன வாரம் தலை சீவும்போது வகிட்டில் நரை கண்டு அலறினேன். "நரைக்கிறதுக்கு எண்டாலும் உனக்கு முடி கிடக்கு" என்றார் அப்பா, தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு.

2010ஆம் ஆண்டு, இளவேனில் தொடங்கி இலை உதிரும் வரை நான் பின்னறைக்கு வரவில்லை. எங்கே போகிறாய் என்று நீங்கள் கேட்டீர்கள். குதிரை பார்க்கப் போகிறேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. பொய்க்காரி என்று உங்களில் ஒருத்தி என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். நான் பொய் சொல்லவில்லையடி. குதிரைகள் இருந்தன. அவை நடமாடிய ஒரு ஒடுங்கிய பாதையும் இருந்தது. அந்தப் பாதையில்தான் என் அப்பா தன் நல்ல பெயரைத் தேடி எடுத்தார், அங்கேயே அதைத் தொலைத்துவிட்டும் வந்தார்.

கடை மாமாவை உங்களுக்குத் தெரியும். கல்லாவில் இருந்தபடியே நமக்கு எள்ளுருண்டை எறிந்து தருவாரே, அவர்தான். அப்பா அவருடைய கடையின் சாரதி. அந்த வருடம் கடை மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. பாரிஸுக்கு வெளியே கூசேன்விலுக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே பிளாஸ்டிக் கூடாரம் போட்ட ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, முளைக்கீரையும் பச்சை மிளகாயும் கத்தரியும் போட்டார். புதன்கிழமைதோறும் அப்பா போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். "எனக்கு ஒரு பிரெஞ்சு வாய் தேவை, வாறியோ பிள்ளை?" என்று அப்பா கேட்டார். வெங்காய வாசத்திலிருந்து தப்பினால் போதும் என்று நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

வண்டி ஒரு வெள்ளை வான். அம்மாவுக்கு அது துண்டறப் பிடிக்காது. "இந்த உலகத்திலை வேறை நிறமே இல்லையோ?" என்பார். ஊரில் வெள்ளை வான் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் குறைவார் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி அப்படித்தான் போனவர். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த வேண்டாம் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓட்டியவர். அங்கே ஹோர்ன் என்பது திட்டுவதற்கான பொருள் அல்ல. விறகு கட்டிக்கொண்டு போகும் சைக்கிள்காரருக்கு ஒரு ஹோர்ன், "பின்னாலை வாறன், பயப்படாதை" என்று சொல்ல. மாட்டுவண்டிக்கு ஒன்று. தெரிந்தவர் சந்தியில் நின்று கை காட்டினால் இரண்டு சின்ன ஹோர்ன், "கண்டனான், சுகமோ?" என்று கேட்க. ஹோர்ன் அடிக்காமல் ஒருவரை முந்திக்கொண்டு போகிறவன் மரியாதை தெரியாதவன். பாரிஸில் அப்பாவுக்கு அது ஒரு பெரிய குறையாக இருந்தது. இங்கே ஹோர்ன் அடித்தால் பதிலுக்குக் கெட்ட வார்த்தைதான் வரும். ஆகவே பெருவீதியை விட்டு இறங்கி, வயல்வெளிக்குள் நுழைந்ததும் அப்பாவின் கட்டைவிரலுக்கு விடுதலை கிடைத்தது.

அந்தப் பாதையை எப்படிச் சொல்வது? ஒரு வான் போனால் இரண்டு பக்கமும் வேலிச் செடி கண்ணாடியில் உரசும். வளைவுக்கு மேல் வளைவு. ஈர மண்ணும் சாணியும் ஏதோ ஒரு வெள்ளைப் பூவும் கலந்த வாசம் ஜன்னல் வழியே வரும். இடையிடையே வயலுக்குள் போகும் மரக்கதவுப் படலைகள் இருந்தன. எதிரே ஏதாவது வந்தால் அந்தப் படலை வாசலில் ஒதுங்கினால்தான் உண்டு. பாதையின் தொடக்கத்தில் முக்கோணப் பலகை ஒன்றில் குதிரையும் அதன்மேல் ஓர் ஆளும் வரைந்திருந்தார்கள். அப்பா அதைப் பார்த்து, "இஞ்சை ராசா இருக்கிறார் போலை" என்றார்.

ராசா இல்லை. பிள்ளைகளுக்குக் குதிரை ஓடப் பழக்கும் பள்ளி ஒன்று இருந்தது. முதல் புதன்கிழமையே, ஒரு வளைவு தாண்டியதும் முன்னால் குதிரைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மேலே என் வயதுப் பிள்ளைகள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தார். அதுவரை சரி. பிறகு கட்டைவிரலால் இரண்டு சின்ன ஹோர்ன் அடித்தார், பீப் பீப் என்று.

கடைசிக் குதிரை பக்கவாட்டில் துள்ளி வேலியில் பின்பக்கத்தை இடித்துக்கொண்டது. அதன்மேல் இருந்த, சிவப்புத் தலைக்கவசம் போட்ட பிள்ளை பிடரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முன்னால் போன பெண்மணி தன் குதிரையைத் திருப்பி எங்கள் ஜன்னலுக்கு வந்தார். அவரை நான் அன்றிலிருந்து குதிரை மதாம் என்று அழைத்தேன். முகம் தக்காளிப்பழம் போலச் சிவந்திருந்தது.

"போஞ்சூர் மதாம்!" என்றார் அப்பா, பல்லெல்லாம் தெரிய.

மதாம் பொரிந்து தள்ளினார். அப்பா சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?"

"ஹோர்ன் அடிக்கக் கூடாதாம். குதிரை மிரளுமாம். பிள்ளை விழுந்திருந்தால் என்ன செய்வாய் எண்டு கேக்கிறா."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "நான் கோவத்திலை அடிக்கேல்லை, மரியாதைக்குத்தான் அடிச்சனான் எண்டு சொல்லு. சொல்லாமல் கொள்ளாமல் ஆக்களுக்குப் பின்னாலை போய் நிக்கிறதுதான் எங்கடை ஊரிலை பிழை எண்டு சொல்லு."

சொன்னேன். மதாம் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது. "இது உங்கள் ஊர்க் குதிரை இல்லை என்று உன் அப்பாவிடம் சொல்லு" என்றார்.

அதைத் தமிழில் கேட்டதும் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதாமுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு பாடம் தொடங்கிற்று. குதிரையைக் கண்டால் நடக்கிற வேகத்துக்கு வர வேண்டும். பின்னால் வந்தால் தூரத்தில் நிற்க வேண்டும். குதிரையில் இருப்பவர் தலையசைத்த பிறகுதான் முந்த வேண்டும், முந்தும்போது எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலக வேண்டும். தாண்டியவுடன் எஞ்சினை உறும விடக் கூடாது. எதிரெதிரே வந்துவிட்டால் வண்டிதான் பின்னால் போக வேண்டும், குதிரை அல்ல. ஜன்னலைத் திறந்து ஏதாவது பேசினால் நல்லது, உள்ளே இருப்பது மனிதர்தான் என்று குதிரைக்கு விளங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஹோர்ன் கூடவே கூடாது.

அடுத்த புதன்கிழமை வானில் ஏறியபோது ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. முழங்கால் உரசினால் எனக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்டர்.

"என்னப்பா இது, வானுக்குக் காயமோ?"

"விரலுக்கு ஞாபகம் வரட்டும் எண்டு ஒட்டினனான். மூளைக்குச் சொன்னாலும் விரல் கேக்குதில்லை."

அந்தக் கோடை முழுவதும் அப்பாவின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ஹோர்னுக்குப் போகும், பிளாஸ்டரின் சொரசொரப்பில் பட்டதும் பின்வாங்கும். நான் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். மேலே இருந்த பஞ்சுத் துணி கறுத்து, ஓரங்கள் சுருண்டு, கோடைச் சூட்டில் பசை கசிந்தது. அது விழ விழ அப்பா புதிதாக ஒட்டினார்.

ஆள் அதில் கெட்டிக்காரராகிவிட்டார். குதிரையின் காதைப் பார்த்தே அதன் மனநிலையைச் சொல்வார். "காது முன்னாலை நிண்டா ஆள் சந்தோசம். பின்னாலை படுத்தால் நாங்கள் அசையக் கூடாது. உன்ரை அம்மாவுக்கும் காது அப்பிடித்தான், நான் உடனை எஞ்சினை நிப்பாட்டிப் போடுவன்" என்பார். குதிரைகளோடு அவர் தமிழில் பேசினார். "வா ராசா, வடிவாப் போ, ஒருதரும் உன்னை ஒண்டும் செய்ய மாட்டினம்" என்று ஜன்னல் வழியே சொல்வார். அவை காதை முன்னால் திருப்பிக்கொண்டு எங்களைக் கடந்து போகும், தோலும் வியர்வையும் கலந்த கனத்த வாசத்தை வானுக்குள் விட்டுவிட்டு.

ஒருநாள் ஒடுங்கிய இடத்தில் எதிரே ஒரு முழு வகுப்பே வந்துவிட்டது. பின்னால் அருகில் படலை எதுவும் இல்லை. அப்பா கழுத்தைத் திருப்பி, அந்த நீளமான வளைவு முழுவதையும் பின்னோக்கியே ஓட்டி, வயல் வாசல் ஒன்றில் வானைச் செருகி எஞ்சினை நிறுத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடந்து போகும்போது ஒரு கையை உயர்த்தி, நன்றி ஐயா என்று, "மெர்சி மிஸ்யே" என்றார்கள். கடைசியாக வந்த மதாம், "பாரிஸில் இருந்து வருகிறவர்களில் உன் அப்பா ஒருவர்தான் மனிதர்" என்று என்னிடம் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தபோது அப்பா வெட்கப்பட்டு வைப்பரை ஓடவிட்டார். அன்றைக்கு மழையே இல்லை.

பாருங்கள், நம் அப்பாமாருக்கு இந்த நகரத்தில் யார் "மிஸ்யே" என்று சொல்லிக் கை உயர்த்தினார்கள்? அலுவலகங்களில் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாமல் கூப்பிட்டார்கள். அந்த ஒடுங்கிய பாதையில் மட்டும் அப்பா ஒரு நல்ல மனிதர் என்று பெயர் எடுத்திருந்தார். புதன்கிழமை காலைகளில் அவர் முகம் மழித்துக்கொண்டு புறப்பட்டதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

சிவப்புத் தலைக்கவசப் பிள்ளையும் நானும் சிநேகிதிகள் என்று சொல்ல முடியாது. கடையில் வாடிப்போன கரட்டுகளை அப்பா ஒரு பையில் போட்டு வைத்திருப்பார். படலை வாசலில் நிற்கும்போது நான் ஜன்னலால் ஒன்றை நீட்டுவேன். அவளுடைய சாம்பல் நிறக் குதிரை உதட்டால் என் உள்ளங்கையைத் தடவி அதை எடுக்கும். அந்த உதட்டின் மென்மையை நான் வேறு எதிலும் தொட்டதில்லை. அவள் "மெர்சி" என்பாள், பரவாயில்லை என்று நான் "தெ ரியன்" என்பேன். அவ்வளவுதான். ஆனால் தூரத்தில் வெள்ளை வானைக் கண்டதுமே அவள் ஒரு கையைக் கடிவாளத்திலிருந்து எடுத்து ஆட்டத் தொடங்கிவிடுவாள்.

இலையுதிர்காலத்தில், ஒரு புதன்கிழமைக்கு அம்மாவின் வதிவிட அனுமதிக் கார்ட் புதுப்பிக்க பிரிபெக்தூர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. குடும்பமாக வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா கடை மாமாவிடம் லீவு கேட்டார். கீரை வெட்டியாயிற்று, அழுகிவிடும் என்று கடை மாமா தலையைச் சொறிந்தார். அப்போதுதான் சின்ன மாமா, "நான் போட்டு வாறன் அண்ணை" என்று அப்பாவைப் பார்த்து முன்வந்தார். சின்ன மாமா கடை மாமாவின் மனைவியின் தம்பி. போர் முடிந்த கையோடு எப்படியோ வந்து சேர்ந்தவர். அவருக்கு இங்கே பெர்மி என்கிற ஓட்டுநர் உரிமம் இல்லை, கார்ட்டும் இல்லை. அகதிக் கோரிக்கை ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரே ஒரு நாள்தானே, வயல்பாதைதானே, யார் மறிக்கப் போகிறார்கள் என்று பெரியவர்கள் எல்லோருமாக நினைத்தார்கள்.

அப்பா அவருக்குச் சொல்லாமல் விடவில்லை. கடைவாசலில் வைத்து வானின் திறப்பைக் கொடுக்கும்போதே சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, குதிரையைக் கண்டால் ஹோர்ன் அடியாதை. நிப்பாட்டிப் போட்டு நில்லு."

"நான் ஊரிலை மாட்டுவண்டிலுகளுக்கு நடுவிலை ட்ரக்டர் ஓடினவன் அண்ணை. எனக்குத் தெரியாததே?"

"மாடு வேறை, இது வேறை."

"ஓம் ஓம், நீங்கள் யோசியாதேங்கோ."

அந்தப் புதன்கிழமை நாங்கள் முழுநாளும் பிரிபெக்தூர் வரிசையில் நின்றோம். மாலையில் களைத்து வீடு வந்து அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது கதவு தட்டப்பட்டது. கடை மாமாவும் சின்ன மாமாவும் நின்றார்கள். சின்ன மாமாவின் முகத்தில் இரத்தமே இல்லை. கதிரையில் இருக்காமல் நிலத்தில் குந்தினார்.

நடந்தது இதுதான். திரும்பி வரும்போது பாதையில் குதிரைகள் எதிர்ப்பட்டன. வெள்ளை வானைக் கண்டதும் அவர்கள் படலைக்குள் ஒதுங்கவில்லை. இந்த வான் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முன்னால் வந்த சிவப்புத் தலைக்கவசப் பிள்ளை வழக்கம்போல ஒரு கையை எடுத்து ஆட்டினாள்.

"அந்தப் பிள்ளை என்னைப் பாத்துக் கை காட்டினது அண்ணை" என்று சின்ன மாமா அழுதார். "சிரிச்சுக்கொண்டு கை காட்டின பிள்ளைக்கு ஹோர்ன் அடியாமல் எப்பிடிப் போறது? எனக்கு இஞ்சை வந்ததிலை இருந்து ஒரு வெள்ளைக்காரர் கை காட்டினதில்லை அண்ணை. சந்தோசத்திலை ரெண்டு சின்னனாத்தான் அடிச்சனான்."

குதிரை முன்கால்களைத் தூக்கியிருக்கிறது. ஒரு கையால் மட்டும் பிடித்திருந்த பிள்ளை தார்ப்பாதையில் விழுந்துவிட்டாள். குதிரை முள்கம்பி வேலியைப் பிய்த்துக்கொண்டு வயலுக்குள் ஓடிற்று. பிள்ளை எழும்பவில்லை. மதாம் கத்திக்கொண்டு ஓடி வந்தார். தன்னிடம் ஒரு கடதாசியும் இல்லை என்பது மட்டும்தான் அந்த நேரம் சின்ன மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. மண்ணோரமாக வானை உரசி எடுத்துக்கொண்டு நிற்காமல் வந்துவிட்டார்.

"பிளாஸ்டர் ஒட்டியிருந்ததே தம்பி?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"பிள்ளை விளையாட்டுக்கு ஒட்டினது எண்டு நினைச்சுப் பிய்ச்சு எறிஞ்சு போட்டன்."

தேநீர்த் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. ஒருவரும் அடுப்பை நிறுத்தவில்லை. கடை மாமா தொண்டையைச் செருமினார். வானின் இலக்கத்தை வைத்துக் காவல் நிலையத்திலிருந்து கடைக்குத் தொலைபேசி வந்துவிட்டதாம். யார் ஓட்டியது என்று கேட்கிறார்களாம். சின்ன மாமாவின் பெயரைச் சொன்னால் அப்படியே பிடித்து, அடைத்து, கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். பிள்ளைக்குத் தோள் எலும்புதான் முறிந்ததாம், உயிருக்கு ஒன்றும் இல்லையாம். கார்ட்டும் பெர்மியும் உள்ள ஒருவர் "நான்தான் ஓட்டினேன்" என்றால் சின்னத் தண்டத்தோடு போய்விடும். "உன்னை நான் கைவிட மாட்டன் தம்பி. உன்ரை வேலை எப்பவும் உனக்குத்தான்" என்றார் அப்பாவிடம்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நாங்கள் முழுநாளும் பிரிபெக்தூரிலை நிண்டனாங்கள். குதிரைக்குக் கரட் கொண்டு போற மனுசன், பிள்ளையை விழுத்திப் போட்டு ஓடினவன் எண்டு சொல்லச் சொல்லுறியளோ? உங்களுக்கு எங்கடை பெயர்தான் கிடைச்சதோ?"

கடை மாமா கெட்டவர் அல்ல. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். சின்ன மாமா அம்மாவின் காலைத் தொடப் போனார். அம்மா காலை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். போகும்போது சுவரில் இருந்த தன் தம்பியின் படத்தை ஒரு கணம் பார்த்ததை நான் கண்டேன். குசினியில் அடுப்பை நிறுத்தினார், அதன் பிறகு மறுக்கவில்லை.

அப்பா மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "குதிரைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை அப்பாவும் நானும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போனோம். அப்பா முகம் மழித்திருந்தார். ரயிலில் உதட்டை அசைத்து எதையோ பாடமாக்கிக்கொண்டே வந்தார். காது கொடுத்துக் கேட்டேன். நான்தான் ஓட்டினேன், நான்தான் ஹோர்ன் அடித்தேன், பயந்துவிட்டேன், போய்விட்டேன். எல்லாம் உடைந்த பிரெஞ்சில்.

"நான் சொல்லித் தாறன் அப்பா" என்றேன், வழக்கமான பழக்கத்தில்.

"வேண்டாம். நீ அங்கை வாயே திறக்கக் கூடாது. இது உன்ரை வாயாலை வரக் கூடாது."

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே அப்பா."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் விழுந்தால் இஞ்சைதான் விழுவன். அவன் விழுந்தால் அங்கை போய் விழுவான்" என்றார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

உள்ளே அதிக நேரம் எடுக்கவில்லை. அப்பா பாடமாக்கியதைச் சொன்னார். அதிகாரி தட்டச்சு செய்தார். நிற்காமல் போனது பெரிய குற்றம் என்று சொல்லி, பெர்மியை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். அதில் இருந்த படத்தில் அப்பாவுக்கு நிறைய முடி இருந்தது. நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

வெளியே வந்தபோது வாசலில் குதிரை மதாம் நின்றார். சேறு படிந்த அதே நீளச் சப்பாத்து. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்து குனிந்தார்.

"அன்றைக்கு ஓட்டியது உன் அப்பாவா? நான் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. உன் அப்பா ஹோர்ன் அடிக்க மாட்டார். எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரிந்திருந்தது! என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தலையசைக்கவும் இல்லை, கண் காட்டவும் இல்லை. என் தோளில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

"உய் மதாம்," என்றார் அப்பா. "முவா." ஓம், நான்தான் என்று.

மதாம் நிமிர்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியாத ஒருவர் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்," என்று மெதுவாகச் சொன்னார். "இவருக்கு எல்லாம் தெரியும். நானே சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை இவரை நம்பித்தான் கையை விட்டது."

சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தார். அப்பா எப்போதும் கேட்பாரே, "என்னவாம்?" என்று. அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சின்னத் தண்டம் என்று பெரியவர்கள் நினைத்தது அப்படி முடியவில்லை. பெர்மி அப்பாவிடம் திரும்பி வரவில்லை. புதிதாக எடுக்க வேண்டும், பிரெஞ்சில் எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும் என்றார்கள். அப்பா பலமுறை போனார், பலமுறை தோற்றார். ஒருமுறை மட்டும் சந்தோஷமாக வந்தார். "இண்டைக்குக் குதிரைக் கேள்வி வந்தது பிள்ளை. அது மட்டும் சரி" என்றார். கடை மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றி அப்பாவைப் பின்னறையில் கீரை கட்ட விட்டார். வானுக்கு வேறு ஆள் வந்தது. சாமான் எடுக்க ஒருநாள் அதில் ஏறியபோது ஸ்டியரிங்கில் பிளாஸ்டர் இருந்த இடத்தில் கறுத்த பசை மட்டும் இருந்தது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை.

சின்ன மாமாவின் மேன்முறையீடு வென்றது. அன்று அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி லட்டுக் கொண்டுவந்து அப்பாவைக் கட்டிப் பிடித்து அழுதார். அம்மா லட்டை வாங்கி வைத்தார், தின்னவில்லை. பிறகு நாங்கள் கூசேன்விலுக்கு வீடு மாறினோம். அப்பா விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குப் போனார். வீட்டிலிருந்து அந்தக் குதிரைப் பாதை அதிக தூரமில்லை. அப்பா ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. நான் கார் ஓட்டப் பழகியபின் ஒருமுறை, "போய்ப் பாப்பமோ அப்பா?" என்று கேட்டேன். "குதிரையள் புதுசா இருக்கும், என்னைத் தெரியாது" என்றார்.

போன சனிக்கிழமை நானும் அப்பாவும் லாச்சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றோம். என் கார் பழுதுபார்க்கும் கடையில் இருந்தது. அப்பாவுக்கு இடுப்பில் நாரி நோவு, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை நெரிசலில் பெரிய சாம்பல் நிற வான் ஒன்று ஊர்ந்து வந்தது. பக்கத்தில் கடையின் பெயர் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. சின்ன மாமாவுக்கு இப்போது சொந்தக் கடை, உங்களில் பலர் அங்கேதான் மீன் வாங்குகிறீர்கள். அவர் அப்பாவைக் கண்டுவிட்டார். பின்னால் வண்டிகள் கத்தக் கத்த வேகத்தைக் குறைத்தார். ஜன்னலால் தலையைக் குனிந்து காட்டிவிட்டு, இரண்டு சின்ன ஹோர்ன் அடித்தார்.

அப்பா கம்பத்தை விட்டுவிட்டு, அந்தக் குதிரைப் பிள்ளைகள் உயர்த்துவது போலவே ஒரு கையை உயர்த்தினார். வான் சந்தியில் திரும்பும் வரை அதை இறக்கவில்லை.

"மரியாதை தெரிஞ்ச பெடியன்" என்றார் என்னிடம்.

கீரைப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.